வடகோடிக்குப் பிரயாணம்: பனியிலா, கோடையிலா?

பூகோளப் படத்தின் உச்சியில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று மூன்று நாடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் வடகோடியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இப்போது நம் நாட்டிலும் பலருக்கு உண்டாகியிருக்கிறது. ஆசை உண்டானதும் எழுகிற முதல் கேள்வி இதுதான்: குளிர்காலத்தில் போவதா, கோடைகாலத்தில் போவதா?

பிரயாண ஏஜெண்டுகளைக் கேட்டால் பதில் சுலபமாகக் கிடைக்கும். "குளிர்காலத்தில் போனால் வானத்தில் வர்ண ஒளியைப் பார்க்கலாம், கோடையில் போனால் நள்ளிரவில் சூரியனைப் பார்க்கலாம். உங்கள் இஷ்டம்" என்பார்கள். அது பொய்யல்ல, ஆனால் பாதி விஷயம்தான். மீதிப் பாதி அந்த ஊர்களில் குடியிருக்கிறவர்களிடம் இருக்கிறது. சில வருஷங்களாக அவர்களும் வாய் திறந்து பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பேசுவதோடு நிற்காமல் சட்டமும் போடுகிறார்கள். இது போதாதென்று சீதோஷ்ண நிலையும் முன்போல் இல்லை. பனி கொட்ட வேண்டிய மாதத்தில் மழை பெய்கிறது. குளுகுளுவென்று இருக்க வேண்டிய மாதத்தில் வெயில் கொளுத்துகிறது. ஆகவே, எந்த மாதத்தில் போவது என்பது வெறும் ருசியைப் பொறுத்த விஷயமாக இன்று இல்லை.

பகலில்லா நாளும் இரவில்லா நாளும்

பூமி சற்றுச் சாய்ந்தபடி சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தச் சாய்வின் காரணமாக, வடக்கே சுமார் 66½ டிகிரி அட்சரேகைக்கு அப்பால் கோடையில் ஒரு நாளாவது சூரியன் அஸ்தமிப்பதில்லை; குளிர்காலத்தில் ஒரு நாளாவது உதிப்பதில்லை. அந்தக் கோட்டுக்குத் துருவ வட்டம் என்று பெயர். வடக்கே போகப் போக இந்த நாட்களின் கணக்கு ஏறிக்கொண்டே போகும். நார்வேயின் வட பகுதியிலுள்ள பெரிய ஊர் டிராம்ஸோ. அங்கே மே மாதம் 20-ந் தேதி வாக்கில் ஏறும் சூரியன் ஜூலை 22 வரை இறங்குவதே இல்லை. நவம்பர் கடைசியில் மறைந்தால் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலை காட்டும். அதற்கும் மேலே, வட துருவத்தை நெருங்கிக் கிடக்கிறது ஸ்வால்பார்டு தீவுக் கூட்டம். அங்கே நான்கு மாதம் பகல். ஏறக்குறைய நான்கு மாதம் இரவு.

இரவு என்றால் மையிருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. டிராம்ஸோவில் டிசம்பர் மாதத்து நடுப்பகலில், நம் ஊரில் விடியற்காலையில் தெரிவது போல ஒரு நீல வெளிச்சம் சில மணி நேரம் பரவி நிற்கும். பனி அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் இருபத்திரண்டு மணி நேரமும் இருபத்து நான்கு மணி நேரமும் வெளிச்சமாகவே இருக்கிற கோடையில் தூக்கம் கெடுவது போல, இந்த இருளிலும் சிலருக்கு மனம் கெட்டுவிடும். உள்ளூர்க்காரர்கள் இதை ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

ராஜாக்கள் போன காலம்

ஆதியில் வடகோடிக்கு வேடிக்கை பார்க்கப் போனவர்கள் எல்லோரும் கோடையில்தான் போனார்கள். ஐரோப்பாவின் வடக்கு முனை என்று பெயர் வாங்கிய 'வட முனை'க்கு 1873-ல் நார்வே-ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் போனார். மன்னர் போன இடத்துக்குச் சீமான்கள் போகாமல் இருப்பார்களா? 1875-ல் தாமஸ் குக் கம்பெனியார் ஒரு கூட்டத்தைக் கப்பலில் அழைத்துச் சென்றார்கள். கீழ்த்திசையிலிருந்தும் ஒரு பெரிய மனிதர் போயிருக்கிறார். சயாம் நாட்டு அரசர் சுலாலங்கார்ன் 1907 ஜூலையில் அந்த முனையில் ஏறி நின்று, தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பாறையில் பொறிக்கச் செய்தார். அந்த வருகையின் ஞாபகமாக ஒரு சிறு தாய்லாந்துக் கண்காட்சி சாலை இன்றும் அங்கே இருக்கிறது. நள்ளிரவுச் சூரியனுக்காக அத்தனை தூரம் போன அரசரை எண்ணிப் பார்த்தால், நாம் ஆசைப்படுவதில் தப்பே இல்லை என்று தோன்றுகிறது.

குளிர்காலத்தை விற்பனைச் சரக்காக ஆக்கியது சமீப காலத்து வேலை. 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த கான்கார்டு விமானம் லண்டனிலிருந்து பின்லாந்தின் ரொவானியெமி நகருக்குப் பிரயாணிகளை ஏற்றி வந்து இறக்கியது. அடுத்த வருஷமே அந்த ஊருக்குப் பக்கத்தில், துருவ வட்டத்தின் மீதே, கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமம் திறக்கப்பட்டது. ரொவானியெமிதான் தாத்தாவின் சொந்த ஊர் என்று உலகத்தையே நம்ப வைத்துவிட்டார்கள். யுத்தத்தில் 1944-ல் அநேகமாகச் சாம்பலாகிவிட்ட நகரம் அது. எரிந்த ஊரை எழுப்பி, அதற்கு ஒரு தாத்தாவையும் தேடிக் கொடுத்த சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வான ஒளி யாருக்குத் தெரியும்?

குளிர்காலப் பிரயாணத்தின் பெரிய ஆசை அந்த வர்ண ஒளிதான். சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டம் கொண்ட துகள்கள், பூமியின் காந்த சக்தியால் துருவங்களின் பக்கம் இழுக்கப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் காற்று மண்டலத்தில் மோதுகின்றன. பிராண வாயு பச்சையாக ஒளி விடுகிறது. இன்னும் உயரத்தில் சிவப்பாகவும் விடும். இந்த விளக்கு கோடையிலும் எரியத்தான் செய்கிறது. சூரிய வெளிச்சத்தில் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சூரியனின் உக்கிரம் சுமார் பதினோரு வருஷங்களுக்கு ஒரு முறை உச்சத்துக்கு வரும். அந்த உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக அமெரிக்க விஞ்ஞானிகள் 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2024 மே 10-ந் தேதி இரவில், ஒரு பெரும் காந்தப் புயல் வீசியது. நம் லடாக்கிலுள்ள ஹான்லே வான ஆராய்ச்சி நிலையத்துக் காமிராக்களிலேயே வானம் சிவந்தது பதிவாயிற்று! அதைப் படித்துவிட்டு, "உச்சம் போய்விட்டால் அப்புறம் ஒளியே தெரியாதா?" என்று கவலைப்பட வேண்டாம். டிராம்ஸோ, அபிஸ்கோ போன்ற ஊர்கள் ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருக்கின்றன. சூரியன் சாந்தமாக இருக்கிற வருஷங்களிலும் அங்கே ஒளி வரும். லடாக் வரை இறங்கி வராது, அவ்வளவே.

மெய்யான எதிரி மேகம்தான். டிராம்ஸோ கடலோரத்து ஊர். வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டத்தின் தயவால் அங்கே ஜனவரியில் கூடக் குளிர் சராசரியாகப் பூஜ்யத்துக்குக் கீழே நான்கைந்து டிகிரிதான்; துறைமுகம் உறைவதில்லை. ஆனால் அதே கடல்தான் மேகத்தையும் கொண்டு வருகிறது. மூன்று இரவு தங்கி, மூன்று இரவும் மேகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அநேகர். மலைகளின் மறைவில் இருக்கும் ஸ்வீடனின் அபிஸ்கோவில் மழையும் பனியும் குறைவு. வானம் தெளிவாக இருப்பது அதிகம். உள்நாட்டுப் பின்லாந்திலோ குளிர் வேறு ரகம். பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி என்பது சர்வ சாதாரணம். முப்பதுக்குக் கீழே போவதும் உண்டு. 2024 ஜனவரியில் ஸ்வீடனின் வடக்கே குவிக்யோக் என்ற இடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 43.6 டிகிரி வரை போயிற்று. நம் பக்கத்துக் கம்பளிச் சட்டையை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரப் படங்களில் காணும் கொழுந்துவிட்ட பச்சை, காமிரா பல விநாடி கண் திறந்திருந்து சேகரித்த பச்சை. மங்கலான ஒளியாக இருந்தால் நம் கண்ணுக்கு அது வெளிறிய மேகப் படலம் போலத்தான் தெரியும். பலமாக வரும் இரவுகளில் கண்ணுக்கும் நிறம் தெரியும், அசைவும் தெரியும். அப்படிப்பட்ட இரவு வாய்ப்பது அதிருஷ்டம். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

விடுதியாகிவிட்ட வீடுகள்

ரொவானியெமியின் ஜனத்தொகை சுமார் 65,000. 2023-ல் அங்கே வந்து தங்கியவர்களின் இரவுக் கணக்கு சுமார் 12 லட்சம். இத்தனை பேருக்கும் ஓட்டல் ஏது? குடியிருப்புக் கட்டடங்களில் உள்ள வீடுகளையே நாள் வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு லாபம்தான். ஆனால் மாடிப்படியில் தினமும் புதுமுகம், நடுநிசியில் பெட்டி இழுக்கும் சத்தம், மாணவர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காத திண்டாட்டம் – இவற்றைச் சகிக்க முடியாமல் 2024-ல், கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்கு முன்பு, ஊர்வாசிகள் தெருவில் இறங்கிக் கண்டனம் தெரிவித்தார்கள். உல்லாசப் பிரயாணிகள் வரவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஊர் முழுவதும் சத்திரமாகிவிட்டால் நாங்கள் எங்கே குடியிருப்பது என்றுதான் கேட்டார்கள்.

நார்வேயிலும் இதே பேச்சுத்தான். கக்கூஸ், வண்டி நிறுத்தும் இடம், நடைபாதை எல்லாம் உள்ளூர் நகர சபையின் செலவு, வருகிறவர்களோ வெளியூரார். ஆகவே, கூட்டம் தாங்காத ஊர்களின் நகர சபைகள், தங்கும் கட்டணத்தின் மீது 3 சதவிகிதம் வரை வரி போட்டுக்கொள்ளலாம் என்று 2025 ஜூனில் நார்வே பார்லிமெண்டு சட்டம் செய்தது. மூன்று சதவிகிதத்தால் யாரும் பிரயாணத்தை நிறுத்திவிடப் போவதில்லை. இதன் முக்கியத்துவம் தொகையில் இல்லை. வீட்டுக்காரரே விருந்தாளியிடம் கணக்குப் பேசத் துணிந்துவிட்டார் என்பதுதான் செய்தி.

நமக்கு இது புரியாத விஷயமா? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மோட்டாரில் போவதற்கு இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட்டு 2024-ல் உத்தரவிட்டது ஏன்? மலை தாங்காது என்பதால்தானே!

பனிக்காலத்தில் மழை

வட துருவப் பிராந்தியம் 1979-லிருந்து உலகின் சராசரியைப் போல் சுமார் நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது என்று பின்லாந்து விஞ்ஞானிகள் 2022-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். கணக்கை நம்பாதவர்கள் ஸ்வால்பார்டைப் பார்க்கலாம். அங்குள்ள நியூ ஓலசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பில் பிப்ரவரி மாதத்துச் சராசரி, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அது கீழே 3.3 டிகிரிதான். இருண்ட பனிக்காலத்தின் நடுவே மழை பெய்தது. ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் உருகிய தண்ணீர்க் குட்டைகளின் ஓரத்தில் நின்றார்கள்.

பிரயாணிக்கு இதனால் வரும் நஷ்டம் சொற்பம்: பனிச் சறுக்கு வண்டி ஓடாது, பனிமான் வண்டி ஓடாது, பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரலாம். பனிமான் மேய்க்கிறவனுக்கு வரும் நஷ்டம்தான் பெரியது. பனி மீது மழை பெய்து மறுபடி உறைந்தால், தரைமேல் கண்ணாடித் தகடு போட்டது போல ஆகிவிடும். குளம்பால் பனியைத் தோண்டிப் பாசியைத் தின்னும் மிருகத்தால் அந்தத் தகட்டை உடைக்க முடிவதில்லை. மந்தைக்காரன் விலைக்கு வைக்கோல் வாங்கிப் போட வேண்டியதாகிறது.

இந்த மந்தைக்காரர்கள் யார்? நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷியா என்ற நான்கு நாடுகளின் வடகோடியிலும் பரவியிருக்கும் ஆதி குடிகள். 'சாமி' என்பது அவர்கள் பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு ஞாபகம் வரும்; கைகூப்ப வேண்டியதில்லை. ஆனால் மரியாதை காட்ட வேண்டியது அவசியம். ஏனெனில், அவர்களுடைய நீலமும் சிவப்புமான உடையை யார் யாரோ மாட்டிக்கொண்டு, இல்லாத சடங்குகளைப் பிரயாணிகளுக்கு நடத்திக் காட்டிக் காசு பண்ணியது வெகு காலம் நடந்தது. அதைப் பொறுக்காமல் பின்லாந்திலுள்ள சாமி மக்களின் சபை 2018-ல் பிரயாணத் தொழிலுக்கென்று நெறிமுறைகளை வகுத்து வெளியிட்டது. மெய்யான சாமிக் குடும்பங்கள் நடத்தும் பனிமான் பண்ணைகளும் இருக்கின்றன. எது எது என்று விசாரித்துப் போவது நம் பொறுப்பு.

கோடை மட்டும் என்ன வாழ்கிறது?

"அப்படியானால் கோடையில் போய்விடுவோம்" என்று வாசகர்கள் சொல்லக் கூடும். தென் ஐரோப்பாவில் வெயில் தாங்காமல், குளிர்ச்சி தேடி வடக்கே போகிற வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் சென்னை வெயிலுக்குப் பயந்து உதகமண்டலத்துக்கு ஏறிய கதைதான். பிரயாணக் கம்பெனிகளும் 'குளிர்ச்சியான விடுமுறை' என்று விளம்பரம் செய்கின்றன. 2025 ஜூலை அந்த விளம்பரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டது. பின்லாந்தில் தொடர்ச்சியாக 22 நாட்கள் எங்காவது ஓர் இடத்தில் 30 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தது. துருவ வட்டத்தை ஒட்டிய ஊர்களையும் அது விடவில்லை. பனிமான்கள் நிழலைத் தேடி ஊருக்குள் வந்தன, செத்தவையும் உண்டு. வட பின்லாந்தில் ஒரு பனிச்சறுக்கு அரங்கத்தைத் திறந்துவிட்டு, வெயில் பொறுக்காதவர்கள் உள்ளே வந்து உட்காரலாம் என்றார்கள்.

30 டிகிரி என்றால் நமக்குச் சிரிப்பு வரும். சென்னையில் அது மார்கழி மத்தியானம். ஆனால் அங்குள்ள வீடுகள் உஷ்ணத்தை உள்ளே பிடித்து வைப்பதற்காகவே கட்டப்பட்டவை. இரவு என்பதே இல்லாததால் வெயில் இறங்குவதுமில்லை. விசிறியோ பல வீடுகளில் கிடையாது.

வெயில் இல்லாவிட்டால் கொசு. ஆம், கொசுவேதான்! ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு தொடக்கம் வரை, லாப்லாந்துச் சதுப்பு நிலங்களில் கொசுவும் கடி ஈக்களும் மேகமாகக் கிளம்பும். பனிமான்களே காற்றடிக்கும் குன்றுச்சிக்கு ஓடிவிடுகின்றன. கொசுவே இல்லாத நாடு என்று ஐஸ்லாந்து பெருமை அடித்துக்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் அங்கும் மூன்று கொசுக்களைப் பிடித்துவிட்டார்கள். மூன்றே மூன்று கொசுக்கள் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் செய்தியானதைப் பார்த்தால் நம் ஊர்க் கொசுக்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் கோடைக்கு என்று ஒரு மகிமை உண்டு. இரவு பதினோரு மணிக்கு மலை ஏறலாம். கடலோரத்துத் தபால் கப்பலில் உட்கார்ந்து பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை போகலாம். 1893-ல் ஆரம்பித்த அந்தக் கப்பல் போக்குவரத்து, போக வரப் பன்னிரண்டு நாளில் 34 துறைமுகங்களைத் தொட்டு, வருஷம் முழுவதும் நடக்கிறது. பாதையும் கோடையில்தான் சுலபம். பனிக்காலத்தில் வட முனைக்குக் கடைசிக் கட்டம் போக வேண்டுமானால், பனி ஒதுக்கும் வண்டிக்குப் பின்னால், குறிப்பிட்ட நேரத்தில், மற்ற மோட்டார்களுடன் வரிசையாகத்தான் போக முடியும்.

கரடிக்கும் நமக்கும் நடுவே

கோடைக் கப்பல்களின் மோகம் ஸ்வால்பார்டு பக்கம் திரும்பியபோது நார்வே சர்க்கார் விழித்துக்கொண்டது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து, அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களில் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது. குறித்துக் கொடுத்த 43 இடங்களில்தான் கரை இறங்கலாம். துருவக் கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச்சு முதல் ஜூன் முடிய, குட்டியோடு திரியும் காலத்தில், 500 மீட்டர். கரடி தானாகக் கிட்டே வந்தால் மனிதன்தான் விலக வேண்டும். நியாயமான சட்டம், அந்த இடம் அதனுடையதல்லவா?

ஸ்வால்பார்டுக்கும் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. அந்தத் தீவுகள் யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்த்து வைத்த 1920-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பிலும் கையெழுத்தாகியிருக்கிறது. அங்கே போய் இருக்க விசா தேவையில்லை. இதை மட்டும் கேட்டுவிட்டு மூட்டை கட்டக் கூடாது. போகிற வழி நார்வே. அதற்கு விசா வேண்டும். அது மட்டுமல்ல. ஸ்வால்பார்டு அந்த விசா எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கிருந்து திரும்பும்போது மறுபடியும் நார்வேக்குள் நுழைந்ததாகக் கணக்கு. ஒரு தடவை நுழைவதற்கான விசாவோடு போனவர் திண்டாடுவார். இரண்டு தடவைக்காவது கேட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் 'பனியிலா, கோடையிலா' என்ற இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். நியூ ஓலசுண்டில் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆராய்ச்சி நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. பல வருஷ காலம் கோடையை ஒட்டியே அங்கே வேலை நடந்து வந்தது. இருண்ட பனிக்காலத்திலும் தங்கி ஆராய வேண்டும் என்று 2023 டிசம்பரில் முதல் குழு புறப்பட்டது. நாம் எட்டிப் பார்த்துவிட்டு வரும் இருட்டில் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

வேலைக்காகவே அந்த இருட்டுக்குப் போன தமிழர்களும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1956-ல் அந்தோனி இராசேந்திரம் என்பவர் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன் தொழிலைக் கற்று, பின்னர் காரைநகரில் 'சீ-நோர்' நிறுவனம் எழக் காரணமாக இருந்தார். அவர் திறந்த வழியில் மற்றவர்கள் போனார்கள். எண்பதுகளில் இலங்கையில் கலவரமும் யுத்தமும் மூண்ட பிறகு, நார்வேயின் வட கோடியான பின்மார்க் கடற்கரையில் மீன் பதனிடும் சாலைகளில் தமிழர்கள் நின்று வேலை செய்தார்கள். சூரியன் வராத மாதங்களிலும் மீன் வந்துகொண்டுதான் இருந்தது. பின்னால் பலர் ஆஸ்லோவுக்கு இறங்கிவிட்டாலும், அந்தக் கடலோர ஊர்களைப் பிழைக்க வைத்ததில் அவர்கள் கைக்கும் பங்கு உண்டு. அந்தப் பக்கம் போகிற தமிழர்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்ப்பதோடு இதையும் நினைத்துக்கொண்டால் நல்லது.

எட்டுப் பருவங்கள்

இனி, கேள்விக்கு வருவோம். பனியா, கோடையா என்று இரண்டே பதில் வைத்துக் கேட்பது தெற்கத்தியார் வழக்கம். சாமி மக்கள் வருஷத்தை எட்டுப் பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நாம் ஆறு பருவம் சொல்லுகிறவர்கள். நமக்கு இது எளிதில் விளங்கும். குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு தனிப் பருவம் உண்டு. தரையில் பனி கனமாகக் கிடக்கும். வானத்தில் சூரியன் இருக்கும். மார்ச்சு மாதமும் ஏப்ரல் மாதமும் அந்தப் பருவம். நார்வேக்காரர்களே ஈஸ்டர் விடுமுறையில்தான் பனிக்கட்டைகளை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறார்கள். ஊர்க்காரன் தனக்கென்று எந்த மாதத்தை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மார்ச்சு கடைசியில் பகலும் இரவும் சமம். பகலில் பனியில் திரியலாம். இரவில் ஒளியைத் தேடலாம். பூமியும் சூரியனும் சமமாக நிற்கும் மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் காந்தப் புயல்கள் சற்று அதிகம் என்பது விஞ்ஞானிகள் கண்டறிந்தது. டிசம்பரின் விலையும் கூட்டமும் அப்போது குறைந்திருக்கும். குளிரும் முதுகெலும்பைத் தொடாது.

பனி வேண்டாம் என்கிறவர்களுக்குச் செப்டம்பர். முதல் உறைபனி விழுந்து கொசு ஒழிந்திருக்கும். லாப்லாந்துக் குன்றுகளில் செடி கொடிகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும் சில நாட்கள் உண்டு. பின்லாந்துக்காரர்கள் அதற்கென்றே தனிப் பெயர் வைத்து, அதைப் பார்ப்பதற்காகவே விடுமுறை எடுக்கிறார்கள். இருட்டும் திரும்பி வந்திருப்பதால் வான ஒளியும் கிடைக்கும். ஏரி இன்னும் உறையாததால் அதே ஒளி தண்ணீரிலும் விழும். எங்களைக் கேட்டால் செப்டம்பருக்குத்தான் ஓட்டு.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பள்ளிக்கூட லீவு குறுக்கே நிற்கும். மே மாதத்தைத் தவிர வேறு வழி இல்லை என்பார்கள். மே மாதம் அங்கே பனி பாதி உருகிச் சேறாகிக் கிடக்கிற காலம்; பனிமான்கள் கன்று ஈனுகிற காலமும் அதுவே. மந்தைகளின் பக்கம் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் கடற்கரையை ஒட்டியே பிரயாணத்தை வைத்துக்கொள்ளலாம். அல்லது அரைப் பரீட்சை விடுமுறையில் டிசம்பர்க் கூட்டத்தோடு கூட்டமாகப் போய், தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம். குழந்தைகளின் சந்தோஷத்துக்கு முன்னால் நம் வாதமெல்லாம் எந்த மூலைக்கு?

எந்த மாதமானாலும் ஒரே ஊரில் ஐந்து இரவாவது தங்குவது உத்தமம். மேகம் கலைவதற்கு அவகாசம் கிடைக்கும். இரண்டு இரவுக்கு ஓர் ஊர் என்று பெட்டியை இழுத்துக்கொண்டு அலைகிறவர்களால் ஊர்க்காரருக்கும் லாபமில்லை. குடியிருப்பு வீட்டில் தங்காமல் ஓட்டலிலோ, உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியிலோ தங்கலாம். அமாவாசையை ஒட்டிய வாரமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. பஞ்சாங்கம் அங்கும் உதவும். விசாவுக்குப் பிரயாணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அது 2024 ஜூனில் வைத்த கணக்கு. பனிக்காலத்தில் அங்கே மோட்டாரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிப் பார்க்கலாம் என்ற யோசனையை நம் ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பாதரட்சையின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டை அந்த ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. விமானத்தை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.